மயூரனின் வலது தோள்

ஒஸ்லோவில், அம்மருட் கோயிலுக்குப் பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில், ஒரு வெள்ளை வான் வண்டியின் மறைவில், இருபத்து மூன்று வயது இளைஞன் வேட்டியோடும் வெறும் மேலோடும் நிற்கிறான். நான் அவனுடைய வலது தோளுக்கு, மூட்டை இறுக்கிப் பிடிக்கும் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கோடைகாலத்துச் சனிக்கிழமை, காலை நேரம். கோயிலுக்குள் தவில் தொடங்கிவிட்டது.

டேப் ஒட்டத் தோல் காய்ந்திருக்க வேண்டும். அவன் தோளிலோ சந்தனமும் திருநீறும். அவனுடைய தாய் புனிதமக்கா பூசிவிட்டது. நான் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்கத் துடைக்க, அவர் மறுபக்கம் நின்று மறுபடியும் பூசிக்கொண்டிருந்தார்.

"புனிதமக்கா, கொஞ்சம் பொறுங்கோ. திருநீறு பூசினா இது ஒட்டாது."

"நீர் உம்மட வேலையைப் பாரும் வசந்தி, நான் என்ர வேலையைப் பாக்கிறன்."

கடைசியில் பங்கு பிரித்துக்கொண்டோம். தோள் எனக்கு, நெற்றியும் நெஞ்சும் முருகனுக்கு. புனிதமக்கா திருப்தியோடு காவடியைப் பார்க்கப் போனார்.

தாய் போனதும் மயூரன் தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"அன்ரி, வடிவா யோசிச்சுத்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்," என்றேன். மிச்ச டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தேன்.

அந்த "ஓம்" பற்றி இந்த வாரப் பத்தியில் எழுத வேண்டியிருக்கிறது. போன வாரம் நான் பேருந்துச் சாரதியின் முழங்காலைப் பற்றி எழுதியதை வாசித்த ஒரு வாசகி, "உங்கள் கை பட்டவர்கள் எல்லோரும் எழுந்து நடந்துவிடுகிறார்களே, ஒருவர்கூடத் தப்பவில்லையா?" என்று கிண்டலாக எழுதியிருந்தார். தப்பியவனைப் பற்றி இது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

உதைக்காத உதைபந்து

புதிய நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எந்த வருடம் என்று என்னைக் கேட்கக் கூடாது. எனக்கு வருடங்கள் நினைவில் நிற்பதில்லை, மூட்டுகள்தான் நிற்கும்.

நான் அப்போது ஒஸ்லோவின் கிழக்கே ட்வெய்ட்டாவில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் வேலை செய்தேன். ஜன்னலால் பார்த்தால் கடைத்தொகுதியும் அதற்குப் பின்னால் அடுக்குமாடிகளும் தெரியும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை நிமிர்த்த முடியாத வலி. துப்புரவு வேலை, சமையல் வேலை, தபால் தரம்பிரிக்கும் வேலை என்று எல்லா வேலையும் கடைசியில் நாரியில் வந்து முடியும்.

அந்த நாரிகளுக்கு நடுவே ஒரு நாள் ஒரு பெருவிரல் வந்தது. வலது கைப் பெருவிரல், எலும்பு உடைந்து பொருந்தியது. அதன் சொந்தக்காரன்தான் மயூரன். நல்ல உயரம், நீளமான கைகள். ஒஸ்லோவில் அமெரிக்கன் புட்போல் ஆடுகிறார்கள் என்பதே எனக்கு அந்தப் பெருவிரல் சொல்லித்தான் தெரியும்.

"அதில நீ என்னவா ஆடுறனீ?" என்று கேட்டேன்.

"குவாட்டர்பாக்."

விளங்கவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பொறுமையாக விளக்கினான். அணியில் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று மூன்று நான்கு விநாடிக்குள் அவன் தீர்மானிக்க வேண்டும். அதற்குள் எதிரணியில் தடிமாடு மாதிரி நாலு பேர் அவனைக் கவிழ்த்துப்போட ஓடிவருவார்கள்.

"கவிழ்த்தா?"

"சில நேரம் எழும்புவன். சில நேரம் உங்களிட்ட வருவன்."

புனிதமக்காவுக்கு அந்த விளையாட்டு கடைசிவரை பிடிபடவில்லை. கோயிலில் என்னைக் கண்டால் முறையிடுவார். "எங்கட ஆக்கள் உதைபந்து எண்டாக் காலால உதைப்பினம். உவன் கையால எறிஞ்சுபோட்டுக் கால் முறிஞ்சு வாறான். இது என்ன கோதாரி விளையாட்டு வசந்தி?" தகப்பன் ஸ்தவாங்கரிலிருந்து கடலுக்குப் போய், எண்ணெய் மேடையில் சமையல் செய்கிறவர். அவர் வீட்டில் நிற்கும் நாட்களில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். எனவே முறைப்பாடெல்லாம் எனக்கு.

ஒரே ஒரு ஆட்டம்

அவன் ஆடி நான் பார்த்தது ஒரே ஒரு முறை. மே மாதம், மழையும் இல்லை பனியும் இல்லை என்று இரண்டும் கலந்து கொட்டியது. பிளாஸ்டிக் புல் போட்ட மைதானம். பார்வையாளர்களில் பாதிப் பேர் ஆடுகிறவர்களின் காதலிகள். நான் ஒருத்திதான் சேலைக்கு மேலே குளிர் அங்கி போட்டிருந்தேன், ஒரு கலியாண வீட்டிலிருந்து இடையில் எழுந்து போனதால்.

ஆட்டம் எனக்கு விளங்கவில்லை. பாதி நேரம் எல்லோரும் நின்று கதைக்கிறார்கள், மீதி நேரம் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். எறிதல் மட்டும் விளங்கியது.

சுற்றிலும் எல்லோரும் முட்டி மோதிக்கொண்டிருக்க அவன் மட்டும் அவசரமில்லாமல் நின்றான். இடுப்பு திரும்பியது, முதுகு திரும்பியது, தோள், முழங்கை, மணிக்கட்டு. பந்து கிளம்பிப் போன பக்கம் யாருமே இல்லை. தப்பாக எறிந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். பந்து கீழே இறங்கும்போது அந்த இடத்துக்கு ஒருவன் ஓடி வந்து சேர்ந்தான், திரும்பினான், பந்து அவன் கைக்குள் இருந்தது.

என் தொழிலில் பழுதான அசைவுகளைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறோம். ஒரு பழுதுமில்லாத அசைவை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்த நோர்வேப் பெண்ணிடம் குளிர் என்று சொல்லிவைத்தேன்.

அதே ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் அவனுடைய கணுக்கால் பிசகியது.

அப்படித்தான் அவனுடைய காலம் போனது. கணுக்கால் தேறி நாலு ஆட்டம் ஆடுவான், பத்திரிகையின் மூலையில் ஒரு சின்னப் படம் வரும், இடது காறை எலும்பு போகும். அது பொருந்தி வரும், விலா எலும்பு போகும். ஆஸ்திரியாவில் ஒரு கழகம் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டது. போய் அரைப் பருவம் நன்றாக ஆடினான். மிச்ச அரைப் பருவத்துக்கு ஊன்றுகோலோடு ஒஸ்லோ வந்து இறங்கினான். அவனுடைய பயிற்சியாளர், பகலில் பள்ளிக்கூட வாத்தியார், மாதம் ஒருமுறையாவது எனக்குத் தொலைபேசி எடுப்பார். நலம் விசாரிக்க மாட்டார். மறுபடி ஆட எத்தனை வாரம் ஆகும் என்பதை, "எத்தனை கிழமை?" என்று மட்டும் கேட்பார்.

பாவம் என்று நினைக்க வேண்டாம். மயூரன் சோர்ந்து நான் பார்த்ததில்லை. இடது பக்கம் போனால், "எறியிற கை நல்லா இருக்கு அன்ரி," என்று சிரிப்பான்.

நேர்த்தி

பிறகு எறிகிற கை போனது.

பருவத்தின் கடைசி ஆட்டம். எறிவதற்குக் கையை உயர்த்திப் பின்னால் கொண்டுபோன நேரம் பார்த்து ஒருவன் வந்து மோதினான். வலது தோள் மூட்டு முன்பக்கமாகக் கழன்றது. வைத்தியசாலையில் அதைப் பொருத்தி, கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டு அனுப்பினார்கள்.

அன்று மாலையே புனிதமக்கா கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டார். பிள்ளையின் தோள் சுகமானால், அந்தத் தோளிலேயே முருகனுக்குக் காவடி.

தோள் என்னிடம் வந்தது. முதற்பனி விழுந்த கிழமை தொடங்கினோம். றப்பர் பட்டியை இழு, விடு, இழு, விடு. மூட்டுக் கழன்ற தோளுக்கு மருந்து கிடையாது, சுற்றியுள்ள தசைகளைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். மயூரன் ஒரு நாள் தவறவில்லை. அம்மருட்டிலிருந்து பேருந்து பிடித்து, இருட்டில் வந்து இருட்டில் போனான். பனி கரைந்தபோது மெதுவாக எறியத் தொடங்கினான். வசந்த காலத்தில் புதிய பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களை ஆடினான். தோள் நின்றது.

கோயிலில் புனிதமக்கா எல்லோரிடமும் சொன்னார், "முருகன் தந்த கை." ஐந்தாறு மாதம் றப்பர் பட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஒரு வார்த்தை என்னைப் பற்றியும் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ஜேர்மனிக் கடிதம் வந்தது. பெரிய கழகம், முழுநேர ஆட்டக்காரர்கள். அவனுடைய பழைய ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். ஓகஸ்டில் வந்து தங்கள் வைத்தியர்களுக்கு முன்னால் எறிந்து காட்டவேண்டும். தோள் சரியென்றால் இரண்டு வருட ஒப்பந்தம். இத்தனை தரம் அடிபட்ட ஒரு குவாட்டர்பாக்குக்கு அதற்குப் பிறகு கடிதம் வராது என்று பயிற்சியாளர் என்னிடம் சொன்னார்.

கோயிலின் காவடி நாள், ஜேர்மனிப் பயணத்துக்கு இரண்டு கிழமை முன்னால் வந்தது.

வியாழக்கிழமை

காவடிக்கு முந்திய வியாழக்கிழமை மயூரன் நிலையத்துக்கு வந்தான். வழக்கமில்லாத வழக்கமாகத் தாயையும் கூட்டிக்கொண்டு வந்தான். புனிதமக்கா என் அறையை முதன்முதலாகப் பார்க்கிறார். சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்துக்கு முதுகைக் காட்டி இருந்தார். விரதம். முகம் வாடியிருந்தது, ஆனால் கண்ணில் ஒரு தெளிவு.

மயூரன் கட்டிலில் ஏறி இருந்தான். என்னைப் பார்த்தான். பாடமாக்கி வந்தவன் போலக் கேட்டான்.

"அன்ரி, அம்மாவுக்கு முன்னால கேக்கிறன். நான் காவடி எடுக்கலாமோ?"

காவடி பாரமில்லை. ஒரு மர வளைவு, மயிலிறகு, இரண்டு செம்பு பால். ஆட்டம்தான் பாரம். கையை உயர்த்தி வளைவைப் பிடித்துக்கொண்டு, தவிலுக்குச் சுழன்று ஆட வேண்டும். அந்தத் தோள் எந்தக் கோணத்தில் கழன்றதோ, அதே கோணத்தில் கை நிற்கும். இது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தது.

"பாற்குடம் எடுத்தாக் காணாதோ அக்கா? அது தலையிலதானே," என்று புனிதமக்காவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நேர்ந்தது காவடி. அந்தத் தோளில எண்டுதான் நேர்ந்தனான்." குரல் உயரவில்லை. "நேர்ந்ததைச் செய்யாமல் பிள்ளை ஜேர்மனிக்குப் போறதோ வசந்தி? அங்கை ஏதும் நடந்தா நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? நீர் படிச்சனீர். நீர் சொல்லும், கேக்கிறன்."

என் வேலையில் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் வேண்டாம் என்கிறேன். தச்சு வேலை செய்கிற நோர்வேக்காரனிடம் ஏணி ஏறாதே என்பேன். பனிச்சறுக்குக்கு ஏங்குகிற கிழவரிடம் இந்த வருடம் இல்லை என்பேன். அவர்கள் முணுமுணுப்பார்கள், நான் அடுத்தவரைக் கூப்பிடுவேன். நோர்வேஜிய மொழியில் அது ஒரு வேலை. எதிரே விரதமிருந்த ஒரு தாய், என்னை விட மூத்தவர், தமிழில் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. சாமி காரியத்தைத் தடுத்தவள் என்று கோயிலில் பெயர் வாங்கவும் பயம். நானும் அந்தக் கோயிலில் பாற்குடம் எடுக்கிறவள்தான்.

இன்னொன்றும் இருந்தது. ஐந்தாறு மாதம் நான் கட்டிய தோள், என் டேப்போடு அரை மணி நேரம் நிற்காதா என்ற வீம்பு.

"வடிவா டேப் போட்டு, மெதுவா ஆடினா எடுக்கலாம்," என்றேன்.

புனிதமக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார். மயூரன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி அன்ரி," என்றான்.

வெகுநாள் கழித்து, வேறு எதற்கோ கதைத்தபோது கோயில் ஐயர் சொன்னார், பாற்குடமாக மாற்றிச் செய்ய ஒரு சின்னப் பூசை போதும் என்று. அந்தக் கிழமை அவரை ஒருவரும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்கள்.

அரோகரா

வான் வண்டியின் மறைவில் டேப் ஒட்டி முடிந்தது. காவடியைத் தோளில் ஏற்றினார்கள்.

கொஞ்சம் தூறிவிட்டு வெயில் வந்தது. அடுக்குமாடிப் பல்கனிகளில் நோர்வேக் குடும்பங்கள் கோப்பிக் கோப்பையோடு வந்து நின்றன. ஏழெட்டுக் காவடிகள். மயூரன் கடைசியில் வந்தான். கோயிலை மூன்று முறை சுற்ற வேண்டும், முதல் சுற்று நடந்தே போனான். நான் மூச்சு விட்டேன்.

இரண்டாவது சுற்றில் தவில்காரர் அவனுக்கு முன்னால் வந்து நின்றார். நாதஸ்வரம் வேகம் பிடித்தது. இவன் நல்ல ஆட்டக்காரன், காது கேட்டால் கால் நிற்காது. கால்கள் தொடங்கின. இடுப்பு திரும்பியது, முதுகு திரும்பியது. மைதானத்தில் பார்த்த அதே உடம்பு. சனம் விலகி வட்டம் போட்டது. நான் மட்டும் அவனுடைய வலது கையையே பார்த்தேன்.

மூன்றாவது சுற்றில், மேற்கு வாசலுக்கு முன்னால், அவன் சடாரென நின்றான். முகம் மேலே பார்த்தது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மெல்ல முழங்காலில் இருந்தான்.

உரு வந்துவிட்டது, சாமி ஏறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெண்கள் அரோகரா சொன்னார்கள். யாரோ மஞ்சள் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினார்கள். ஒருவர் திருநீற்றை அள்ளி முகத்தில் வீசினார். தவில்காரர் இன்னும் வேகமாக அடித்தார். புனிதமக்கா கூப்பிய கையோடு அழுதுகொண்டிருந்தார், சந்தோசத்தில்.

டேப்புக்குக் கீழே தோளின் உருண்டை காணாமல் போய், எலும்பு விளிம்பு தட்டையாகத் தெரிந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவள் அந்த வட்டத்தில் நான் ஒருத்தி. சனத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

அவன் முகத்தில் வடிந்த மஞ்சளுக்கு ஊடே என்னைப் பார்த்தான். நோர்வேஜிய மொழியில் சொன்னான்.

"கழன்றுவிட்டது."

அதுவரை அவன் என்னோடு ஒரு சொல்லும் அந்த மொழியில் பேசியதில்லை.

காத்திருப்பு அறை

அவசர சிகிச்சை நிலையத்தில், எப்படி நடந்தது என்று தாதி கேட்டாள். படியில் விழுந்தேன் என்றான். வேட்டியோடும் மஞ்சள் தலையோடும் எந்தப் படியில் விழுந்தாய் என்று அவள் கேட்கவில்லை.

புனிதமக்கா என் பக்கத்தில் இருந்தார். பிறகு மகனைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, மூண்டாவது சுற்று முடியேல்லையே. நேர்த்தி நிறைவேறினதோ?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நிறைவேறிட்டுதம்மா," என்றான் மயூரன். "இது ஒண்டுமில்லை. வெறும் பிசகல்."

ஜேர்மனிக்குப் பயிற்சியாளர் கடிதம் எழுதினார். அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். இன்னொருவனை எடுத்துக்கொண்டார்கள். நான் அந்தக் கிழமை இரண்டு நாள் சுகவீன விடுப்புப் போட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைக்குப் போக முகம் இல்லை, அவ்வளவுதான்.

வசந்தி

தோளில் செய்த சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவன் மறுபடியும் என்னிடமே வந்தான். வேறு ஆளிடம் போவான் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தான், கட்டிலில் ஏறினான், றப்பர் பட்டியை எடுத்தான். எல்லாம் பழையபடி. ஒன்று மட்டும் மாறியிருந்தது. அறைக்குள் அவன் நோர்வேஜிய மொழியில் மட்டுமே கதைத்தான். அந்த மொழியில் அன்ரி கிடையாது, எல்லோருக்கும் பெயர்தான். "வசந்தி, இங்கே இழுக்கிறது." "வசந்தி, இன்றைக்குப் போதுமா?"

கோயிலில் தாயோடு கண்டால் தமிழில் சுகம் விசாரிப்பான். அங்கேயும் பெயர் சொல்லவில்லை, அன்ரி என்றும் சொல்லவில்லை.

ஒஸ்லோக் கழகத்துக்கு இன்னும் ஒன்றரைப் பருவம் ஆடினான். பந்து இன்னும் போனது, ஆனால் குறுகிய தூரம். இரண்டு முறை தோள் நழுவி, தானே திரும்பி ஏறியது. ஒரு முறை எறியும்போது. இன்னொரு முறை வீட்டில் குளிர் அங்கியைப் போடும்போது.

அந்த அங்கிக்குப் பிறகு வந்தான். இருபத்தாறு வயது. கட்டிலில் இருந்தான். நான் அவன் கையைப் பிடித்து மெல்ல உயர்த்திப் பின்னால் கொண்டுபோனேன். அந்தக் கோணம் வருவதற்கு முன்பே உடம்பு முழுக்க இறுகியது. கையை இறக்கிவிட்டேன்.

"வசந்தி, நான் இனி எறியலாமா?" என்று கேட்டான், நோர்வேஜிய மொழியில்.

"இல்லை," என்றேன், அதே மொழியில்.

இந்த முறை டேப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாக என்றும் சொல்லவில்லை.

அவன் தலையாட்டினான். சட்டையைப் போட்டான், வலது கையை முதலில் நுழைத்து, நான் பழக்கியபடி. நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். பயிற்சியாளராக வரலாம், உனக்குப் பொறுமை இருக்கிறது, அது இது. கையைக் காட்டி நிறுத்தினான்.

"காவடிக்கு முன்னால் அம்மாவை இங்கே கூட்டி வந்ததும் இந்த 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்காகத்தான்," என்றான். "நான் சொன்னால் அம்மா கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்டிருப்பார்."

கோபமில்லாமல், பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னான். எனக்கு வெட்கத்தில் முகம் கொதித்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் எழுந்து கையை நீட்டினான்.

வலது கையைத்தான் நீட்டினான். நோகாதபடி மெல்லப் பிடித்துக் குலுக்கினேன்.